ஒரே டீச்சர்கிட்ட கத்துக்கிட்டவங்க ஏன் ஒரே மாதிரி எழுதல?

ஆரோன் கோப்லாண்ட், எலியட் கார்ட்டர், ஆஸ்டர் பியாசோலா, மிஷெல் லெக்ராண்ட், குவின்சி ஜோன்ஸ், ஃபிலிப் கிளாஸ். இந்த ஆறு பேரோட மியூசிக்கையும் அடுத்தடுத்து ஒரே ராத்திரியில கேட்டுப் பாருங்க, ஒண்ணுக்கொண்ணு சொந்தம்னே சொல்ல முடியாது. ஒருத்தர் பாலே, ஒருத்தர் டாங்கோ, ஒருத்தர் ஜாஸ் பேண்டுக்கு அரேஞ்ச் பண்ணவர், ஒருத்தர் சினிமாவுக்குப் பாட்டு போட்டவர், கார்ட்டர் எழுதினது மண்டை காயுற அளவுக்குச் சிக்கல், கிளாஸ் எழுதினது நாலு நோட்டையே திரும்பத் திரும்பச் சுத்தி வர்றது. ஆனா ஆறு பேருக்கும் தியரி சொல்லிக் கொடுத்தது ஒரே அம்மா. பாரிஸ்ல இருந்த நாடியா பூலான்ஜே. 1887-ல பிறந்து 1979-ல செத்துப்போற வரைக்கும், கிட்டத்தட்ட எழுபது வருஷத்துக்கு மேல பாடம் எடுத்தவங்க. ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் அவங்கள "மத்மோசெல்"னு (ஃப்ரெஞ்சுல "மிஸ்" மாதிரி) தான் கூப்பிடுவாங்க, அவ்ளோ மரியாதை, பாதிப் பேருக்கு அவ்ளோ பயமும்.

கண்டிப்பான தியரி டீச்சர்னு சொன்னாலே நிறைய பேர் சொல்ற ஒரு வாதம் இருக்கு. ரூல்ஸை மண்டையில ஏத்தினா கற்பனை செத்துடும், எல்லாரும் டீச்சரோட காப்பியா ஆயிடுவாங்கன்னு. எனக்கு இந்த வாதத்துல ரொம்ப நாளாவே உடன்பாடு கிடையாது, மேல இருக்குற லிஸ்ட் தான் காரணம். அவங்க கிளாஸ்ல ரூல்ஸ் எவ்ளோ கெடுபிடியா இருந்துச்சோ அதே அளவுக்கு அங்கிருந்து வெளிய வந்தவங்க வேற வேற திசையில போயிருக்காங்க, அது எப்படி நடந்துச்சுன்னு யோசிக்கத் தான் இத எழுதுறேன்.

மொதல்ல அவங்க என்ன தான் சொல்லிக் கொடுத்தாங்கன்னு பாக்கணும், ஏன்னா "ஸ்ட்ரிக்ட்"னு மட்டும் சொன்னா ஒண்ணும் புரியாது. ஒரு பாஸ் லைன், அதாவது எல்லாத்துக்கும் கீழ ஓடுற குரல், கொடுப்பாங்க, அதுக்கு மேல டெனர், ஆல்டோ, சோப்ரானோன்னு மூணு குரல் எழுதணும். இல்லன்னா மேல ஒரு மெலடி கொடுப்பாங்க, கீழ மூணு குரல் எழுதணும். அவங்களுக்கே பாடம் எடுத்த போல் விடால்னு ஒருத்தர் எழுதி வச்ச பாஸ் லைன்களையும் மெலடிகளையும் தான் இதுக்கு நிறைய யூஸ் பண்ணாங்க. எழுதினா மட்டும் போதாது, பியானோவுல மூணு குரலை வாசிச்சிக்கிட்டே நாலாவதை வாயால பாடணும், அப்புறம் வேற குரலைப் பாடணும், அப்புறம் வேற ஸ்கேலுக்கு மாத்தணும். ஸ்கோர் படிக்கிறப்போ க்ளெஃப் (எந்தக் கோட்டுல எந்த ஸ்வரம்னு சொல்ற குறி) எதுல இருந்தாலும் தயங்காம வாசிக்கணும், அதுக்காக ஏழு க்ளெஃபையும் பழகணும். இதோட கவுண்டர்பாயிண்ட், அதாவது ஒரு மெலடிக்கு எதிரா இன்னொரு மெலடியை நிக்க வைக்கிறது.

கவுண்டர்பாயிண்ட்ல இப்பவும் எல்லாரும் பழகுற முறை 1725-ல வியன்னாவுல யோஹான் யோசஃப் ஃபுக்ஸ் லத்தீன்ல எழுதின புக்ல இருந்து வர்றது. குருவும் சிஷ்யனும் பேசிக்கிற மாதிரியே எழுதியிருப்பார். மொதல்ல ஒரு நோட்டுக்கு எதிரா ஒரு நோட்டு, அப்புறம் ஒண்ணுக்கு ரெண்டு, அப்புறம் ஒண்ணுக்கு நாலு, அப்புறம் தாளத்தைத் தள்ளிப் போட்டு முன்னாடி நோட்டை இழுத்துப் பிடிக்கிறது, கடைசியா இது எல்லாத்தையும் கலந்து எழுதுறது. சரளி வரிசை மாதிரி தான், யாரும் மேடையில வாசிக்கப் போறதில்ல, ஆனா அது இல்லாம மேடை ஏறினவங்களைக் கேட்டா தெரிஞ்சிடும். ஹைடன் இந்த புக்கை வச்சு தானாவே கத்துக்கிட்டவர். பெத்தோவன் பழகினதும் இந்த முறையில தான்.

இதுல எல்லாரும் திட்டுற ரூல் ஒண்ணு, பேரலல் ஃபிஃப்த் கூடாதுங்கிறது. ரெண்டு குரல் ச-ப தூரத்துல நின்னா, ரெண்டும் சேந்து அடுத்த ச-ப தூரத்துக்கு நகரக் கூடாது. ஏன் கூடாதுன்னு நிறைய இடத்துல சொல்லவே மாட்டாங்க, கூடாதுன்னா கூடாது அவ்ளோ தான். ஆனா காரணம் காதுக்குள்ள இருக்கு. ச-வும் ப-வும் ஒண்ணோட ஒண்ணு அவ்ளோ கச்சிதமா கலந்துடும், அதனால ரெண்டு குரலும் அப்படியே ஜோடியா நகந்தா கேக்குறவனுக்கு ரெண்டு ஆள் பாடுற மாதிரி இருக்காது, ஒரு ஆள் கொஞ்சம் கனமா பாடுற மாதிரி இருக்கும். நாலு குரல்னு நீங்க நினைச்சு எழுதினது அந்த இடத்துல மட்டும் மூணு குரலா சுருங்கிடும். ரூல் காப்பாத்துறது அந்த நாலாவது குரலோட உசிரை. நேரடியா அப்படி வராம, ரெண்டு குரலும் ஒரே பக்கமா நகந்து போய் ஃபிஃப்த்ல முடிஞ்சா அதுக்கு ஹிட்டன் ஃபிஃப்த்னு பேர், கண்ணுக்குச் சட்டுனு தெரியாது, பழகின காதுக்கு உறுத்தும். இத்தனைக்கும் ஃப்ரெஞ்சு கம்போசர் தெபுஸ்ஸி பக்கம் பக்கமா பேரலல் கார்டு எழுதியிருக்கார், பூலான்ஜேவுக்கு தெபுஸ்ஸின்னா உயிர். சுருங்கணும்னு தெரிஞ்சே சுருக்குறது வேற, தெரியாம சுருங்கிப் போறது வேற, அவங்க பிடிச்சுக்கிட்டது ரெண்டாவதைத் தான்.

கிளாஸ் அவங்ககிட்ட போனது 1964-ல. நியூயார்க்ல ஜூலியார்ட் மியூசிக் ஸ்கூல்ல மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு, அமெரிக்காவுல ஏற்கனவே நிறைய பீஸ் எழுதிட்டு, ஃபுல்பிரைட் ஸ்காலர்ஷிப்ல போனவர். அவரை மொத ஸ்டெப்ல இருந்து, ஒரு நோட்டுக்கு எதிரா ஒரு நோட்டுங்கிற இடத்துல இருந்து திரும்ப ஆரம்பிக்க வச்சாங்க. அவரே அவரோட சுயசரிதையில சொல்ற ஒரு சம்பவம் இருக்கு. ஒரு நாள் எக்சர்சைஸ் கொண்டுபோய் பியானோ மேல வைக்கிறார், அம்மா பாக்குறாங்க, பாத்துட்டு உடம்பு சரியில்லையா, தலை வலிக்குதா, வீட்ல ஏதாவது பிரச்சனையான்னு ஒவ்வொண்ணா விசாரிக்கிறாங்க, டாக்டரைப் பாக்கணுமா, யாருக்கும் தெரியாம ஏற்பாடு பண்றேன்னு கூட சொல்றாங்க, இவர் எல்லாத்துக்கும் இல்ல இல்லங்கிறார். அப்புறம் திரும்பி, அப்போ இதுக்கு என்ன விளக்கம்னு பேப்பர்ல ஒரு இடத்தைக் காட்டுறாங்க. ஆல்டோவுக்கும் பாஸுக்கும் நடுவுல ஹிட்டன் ஃபிஃப்த்.

இதைப் படிச்சு நிறைய பேர் ரசிக்கிறாங்க. எனக்கு ரசிக்க முடியல, இருபத்தேழு வயசு ஆளை அப்படி நடுங்க வைக்கணும்னு அவசியம் இல்ல, அந்தத் தப்பை ரெண்டு வார்த்தையில சொல்லியிருக்கலாம். கிளாஸே பின்னாடி சொல்லியிருக்கார், தனக்கு ரெண்டு குரு, ரவிசங்கர் அன்பால சொல்லிக் கொடுத்தார், பூலான்ஜே பயத்தால சொல்லிக் கொடுத்தாங்கன்னு. பயம் தான் அவரை கம்போசர் ஆக்குச்சுன்னு எடுத்துக்கிட்டா அது ரொம்ப தப்பான பாடம், இன்னிக்கும் எத்தனையோ மியூசிக் கிளாஸ்ல பசங்களை அழ வச்சிட்டு இதே கதையைச் சாக்கா சொல்றாங்க. அந்தச் சம்பவத்துல எனக்குப் பெருசா தெரியுறது வேற விஷயம். நாலு குரல்ல, நடுவுல ஒளிஞ்சிருக்குற ஒரு ஆல்டோ நோட்டு பாஸோட எப்படி உரசுதுன்னு ஒருத்தர் கண்டுபிடிக்கணும்னா, அந்தப் பையன் எழுதின ஒவ்வொரு நோட்டையும் அவங்க உக்காந்து படிச்சிருக்கணும். எத்தனை டீச்சர் அத செய்றாங்க?

இதுக்கு எதிர் உதாரணம் ஒண்ணு இருக்கு, அதுவும் சாதாரண ஆள் இல்ல, ஹைடன். 1792 கடைசியில பெத்தோவன் வியன்னாவுக்கு வந்து அவர்கிட்ட கவுண்டர்பாயிண்ட் கத்துக்கிட்டார். அப்போ பெத்தோவன் எழுதின எக்சர்சைஸ்ல நமக்குக் கிடைச்சிருக்கிறது 245, அதுல ஹைடன் திருத்தம் இருக்குறது 42-ல தான். மீதியில தப்பு இல்லாம இல்ல, நிறையவே இருக்கு. ஹைடன் அப்போ உலகத்துலயே பெரிய கம்போசர், லண்டனுக்குப் புது சிம்ஃபனி எழுதிக்கிட்டு இருந்தார், அவருக்கு நேரம் இல்ல, அவ்ளோ தான். அன்பான மனுஷன்னு எல்லாரும் சொல்ற ஹைடன்கிட்ட பெத்தோவனுக்குத் திருப்தி வரல, யோஹான் ஷெங்க்னு இன்னொருத்தர்கிட்ட ரகசியமா காட்டித் திருத்திக்கிட்டார். 1794-ல ஹைடன் லண்டன் கிளம்பினதும் ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர்கிட்ட போனார். அவர் கச்சேரி உலகத்துல பெரிய நட்சத்திரம் இல்ல, ஆனா ரூல்ஸ்னா ரூல்ஸ். வாரத்துக்கு மூணு கிளாஸ், ஃபியூக் (ஒரே தீமை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு குரலா உள்ள வர்ற வடிவம்) வரைக்கும் ஒழுங்கா கொண்டுபோனார். முப்பது வருஷம் கழிச்சு பெத்தோவன் கடைசி குவார்ட்டெட்கள்ல (ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ) எழுதின ஃபியூகுக்கும் ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் சொன்ன ரூலுக்கும் ஏகப்பட்ட தூரம் தான், இருந்தாலும் நாலு தனி மனுஷங்க ஒரே அறையில மோதிக்கிற உணர்வு அதுல எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, நான் அந்த வாரத்துக்கு மூணு கிளாஸைத் தான் காட்டுவேன்.

நான் கவுண்டர்பாயிண்ட் பழக ஆரம்பிச்சப்போ எனக்கும் ஒரு கண்டிப்பான டீச்சர் தான் வாய்ச்சாங்க, குரலை உயர்த்தினதே இல்ல, ஆனா எழுதிக் கொண்டுபோன எல்லாத்தையும் பாடிக் காட்டச் சொல்லுவாங்க, குறிப்பா டெனரை. மெலடியை எல்லாரும் பாடிடுவாங்க, பாஸும் எப்படியோ வந்துடும், நடுக்குரல் தான் பொய் சொன்னா மாட்டிக்கும். பியானோவுல நல்லா இருக்குற மாதிரி கேட்ட இடம் பாடும்போது தொண்டையில நிக்காது, ஏன் நிக்கலைன்னு தேடிப் போனா அங்க ஒரு தேவையில்லாத தாவல் இருக்கும். அதுக்கப்புறம் எனக்கு மியூசிக் கேக்குற விதமே மாறிடுச்சு, எந்தப் பாட்டைக் கேட்டாலும் காது நேரா நடுவுல என்ன நடக்குதுன்னு போயிடும்.

சரி, பூலான்ஜேவுக்கு வருவோம். கோப்லாண்ட் 1921-ல பாரிஸ் பக்கத்துல ஃபோன்டென்ப்ளோவுல புதுசா ஆரம்பிச்ச அமெரிக்கன் கன்சர்வேட்டரிக்கு வந்தார், இருபது வயசு. ஹார்மனி (ஸ்வரங்களைச் சேத்து ஒலிக்க வைக்கிற இலக்கணம்) ஏற்கனவே படிச்சாச்சுன்னு அவங்க கிளாஸுக்குப் போக இஷ்டமே இல்ல, கூட இருந்தவங்க சொல்லித் தான் போய் உக்காந்தார். அன்னிக்கு அவங்க எடுத்தது முசோர்க்ஸ்கியோட "போரிஸ் கோடுனோவ்" ஆபெராவுல ஒரு காட்சி, அத கேட்டதும் ஆள் கவுந்துட்டார். அப்புறமும் ஒரு தயக்கம், ஒரு பெண்கிட்ட கம்போசிஷன் கத்துக்கிட்டு பெரிய ஆளானவன் யாராவது இருக்கானான்னு. அந்தக் காலத்து யோசனை. கடைசியில மூணு வருஷம் அவங்ககிட்டயே இருந்தார். அவர் அங்க கத்துக்கிட்டதுல பெருசா சொன்னது "பெரிய கோடு"ங்கிற கருத்து. ஒரு பீஸ் மொத நோட்டுல ஆரம்பிச்சு கடைசி நோட்டு வரைக்கும் அறுந்து போகாம ஓடணும், நடுவுல எத்தனை பிரிவு வந்தாலும். அவங்க கேட்டுக்கிட்டதால ஆர்கனும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ற ஒரு சிம்ஃபனி எழுதினார், 1925 ஜனவரியில நியூயார்க்ல அரங்கேற்றம், ஆர்கன் வாசிச்சது பூலான்ஜேவே. கண்டக்டர் வால்டர் டாம்ராஷ் முடிஞ்சதும் திரும்பி, இந்த வயசுல இப்படி எழுதுறவன் இன்னும் அஞ்சு வருஷத்துல கொலை பண்ணவும் தயங்கமாட்டான்னு ஆடியன்ஸ்கிட்ட சொன்னார்னு ஒரு பிரபலமான கதை. அந்த "கொலைகாரப்" பையனோட பின்னாடி பக்கபலமா உக்காந்து ஆர்கன் வாசிச்சது ஊரே ஸ்ட்ரிக்ட்னு சொன்ன தியரி டீச்சர்.

பியாசோலா கதை தெரியாதவங்க கம்மி, இருந்தாலும் சொல்லியே ஆகணும். 1954, வயசு 33, போட்டியில ஜெயிச்சு கிடைச்ச உதவித்தொகையில பாரிஸ் வந்தவர். கட்டுக்கட்டா சிம்ஃபனி, சொனாட்டான்னு கொண்டுவந்து காட்டுறார். பாத்துட்டு, நல்லா எழுதியிருக்கு, இங்க ஸ்ட்ராவின்ஸ்கி தெரியுறார், இங்க பார்டோக், இங்க ராவேல், பியாசோலாவை மட்டும் காணோம்னாங்க. நோண்டி நோண்டி விசாரிச்சதுல, பேண்டோனியான் (அக்கார்டியன் மாதிரி ஒரு வாத்தியம்) வாசிச்சிக்கிட்டு இருந்தவர், ராத்திரி கிளப்ல டாங்கோ வாசிச்சவர்ங்கிறது வெளிய வந்துச்சு, அத சொல்ல அவருக்கு அவ்ளோ வெக்கம். வாசிச்சுக் காட்டச் சொன்னாங்க, "ட்ரையுன்ஃபால்"னு தன்னோட டாங்கோ ஒண்ணை பியானோவுல வாசிச்சார், எட்டு பார் போனதும் நிறுத்தி கையைப் பிடிச்சிக்கிட்டு, இது தான் பியாசோலா, இதை விட்டுடாதேன்னு சொன்னாங்க.

இங்க நிறைய பேர் கதையை நிறுத்திடுறாங்க, உன் மனசு சொல்றத எழுதுன்னு டீச்சர் சொல்லி அனுப்பிட்ட மாதிரி. அது நடக்கல. அதுக்கப்புறமும் அவரை உக்கார வச்சு நாலு குரல் கவுண்டர்பாயிண்ட் எழுத வச்சாங்க, மாசக்கணக்கா. என்ன எழுதணும்ங்கிறதுல கை வைக்கல, எப்படி எழுதணும்ங்கிறதுல விடவே இல்ல. அது என்ன ஆச்சுன்னு கேக்கணும்னா 1968-ல வந்த அவரோட டாங்கோ ஆபெரா "மரியா டி புவெனோஸ் அயர்ஸ்"ல இருக்குற "ஃபூகா இ மிஸ்தேரியோ"வைக் கேளுங்க. பேண்டோனியான் தனியா ஆரம்பிக்கும், அதே தீம்ல ஒவ்வொரு வாத்தியமா உள்ள வரும், ஒழுங்கான ஃபியூக், அதே சமயம் தரையில செருப்பு தேய்க்கிற டாங்கோ. ஒவ்வொரு குரலும் தனியா நிக்குது, யாரும் யாருக்குள்ளயும் கரையல. எனக்கு இந்த பீஸ் கேக்குறப்போ எல்லாம் பாரிஸ்ல அந்த எக்சர்சைஸ் எழுதின மாசங்கள் நியாபகம் வரும்.

இதே காரணத்துக்குத் தான் அமெரிக்க கம்போசர் ஜார்ஜ் கெர்ஷ்வினை அவங்க சேத்துக்கல. 1928-ல ராவேல் சிபாரிசு லெட்டரே எழுதினார், அவங்க பாத்துட்டு, கிளாசிக்கல் ட்ரெயினிங் அவர்கிட்ட ஏற்கனவே இருக்குறதை கெடுத்துடுமோன்னு மறுத்துட்டாங்க. யாருக்குத் தன்னோட கண்டிப்பு உதவாதுன்னு தெரிஞ்சு வச்சிருக்குறதும் கண்டிப்புல சேத்தி தான்னு நினைக்கிறேன். குவின்சி ஜோன்ஸ் ஜாஸ்ல நல்லா பேர் வாங்கின அப்புறம் 1957-ல போனவர், அவரை ஜாஸ்ல இருந்து இழுக்க அவங்க முயற்சி பண்ணல. இருக்குறது பன்னெண்டு நோட்டு தான், பதிமூணாவது வர்ற வரைக்கும் அந்தப் பன்னெண்டை வச்சு மத்தவங்க என்னல்லாம் பண்ணாங்கன்னு கத்துக்கோன்னு சொன்னதா ஜோன்ஸ் பல தடவை சொல்லியிருக்கார். நம்ம நாட்டுல இருந்து வன்ராஜ் பாட்டியா 1954-ல இருந்து அஞ்சு வருஷம் அவங்ககிட்ட இருந்திருக்கார், திரும்பி வந்து விளம்பர ஜிங்கிள், ஷியாம் பெனகல் படங்கள்னு போட்டவர், அந்தப் படங்கள்ல ஆர்கெஸ்ட்ரா ஒரு இடத்துலயும் குழம்பாம தெளிவா கேக்குறதுக்கு ஒரு வேர் அங்க இருக்கு.

இந்தக் கண்டிப்பு எல்லாருக்கும் பொருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். பூலான்ஜேவுக்கு ஸ்ட்ராவின்ஸ்கி தான் சூரியன், பன்னெண்டு நோட்டையும் சமமா நடத்துற ஷோன்பெர்க் வழியில ஈடுபாடு இல்ல, அதனால ஒரு பாதி இருபதாம் நூற்றாண்டு அந்த வீட்டுக்குள்ள மங்கலாத் தான் தெரிஞ்சிருக்கும். வேற டீச்சர்கள்ல பாத்தா வியன்னாவுல இருந்த ஸிமோன் ஸெக்டர் இன்னும் ஒரு படி மேல. ஆஸ்திரிய கம்போசர் ப்ரூக்னர் 1855-ல இருந்து 1861 வரைக்கும் அவர்கிட்ட, பெரும்பாலும் தபால்லயே படிச்சார், படிக்கிற காலத்துல சொந்தமா எதுவும் எழுதக் கூடாதுன்னு தடை. முப்பத்தோரு வயசுல ஆரம்பிச்ச மனுஷனுக்கு ஆறு வருஷம் சொந்த மியூசிக் கிடையாதுன்னா அது எனக்குக் கொடுமையாத் தான் படுது. ஆனா ப்ரூக்னர் அதுக்கு அடிமையா கிடந்தார்னும் சொல்ல முடியாது, அளவுக்கு மீறி எழுதி அனுப்பி, உடம்பைப் பாத்துக்கோன்னு ஸெக்டரே சொல்ற அளவுக்குப் போயிருக்கார். ஷூபர்ட் கூட கடைசியில இதே ஸெக்டர்கிட்ட ஒரு கிளாஸ் போனார், 1828 நவம்பர் 4, பதினஞ்சு நாள்ல செத்துட்டார். அவ்ளோ எழுதி முடிச்சவருக்கு இன்னும் ஃபியூக் சரியா வரலன்னு தோணியிருக்கு.

ஷோன்பெர்க், பின்னாடி பரிசோதனை மியூசிக்குக்குப் பேர் போன ஜான் கேஜுக்குக் காசு வாங்காம சொல்லிக் கொடுத்தார், வாழ்க்கையை மியூசிக்குக்குக் கொடுக்கணும்ங்கிற ஒரே நிபந்தனையில. ஹார்மனி உனக்கு வரல, ஒரு சுவர்ல போய் முட்டி நிப்பேன்னு அவர் சொன்னப்போ, அப்போ அந்தச் சுவர்ல தலையை முட்டிக்கிட்டே வாழ்வேன்னு கேஜ் பதில் சொன்னதா கேஜே எழுதியிருக்கார். கண்டிப்பான டீச்சர் ஒருத்தர் தப்பா கணிச்ச கேஸ்னு இதைச் சொல்லலாம், ஆனா சுவர் எங்க இருக்குன்னு அவ்ளோ தெளிவா யாரும் காட்டலன்னா கேஜ் எந்தப் பக்கம் திரும்பியிருப்பார்னும் எனக்குக் கேள்வி இருக்கு. இதே ஷோன்பெர்க் தான் 1911-ல வந்த தன்னோட ஹார்மனி புக்கை, இதை நான் என் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட இருந்து கத்துக்கிட்டேன்னு ஆரம்பிச்சார்.

பூலான்ஜே விஷயத்துல எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்குறது ஒண்ணே ஒண்ணு தான். அவங்களும் கம்போசர். 1908-ல ஃப்ரான்ஸோட பெரிய கம்போசர் போட்டியான ப்ரி த ரோம்ல ரெண்டாவது பரிசு. தங்கச்சி லிலி 1913-ல அதே போட்டியில மொத பரிசு வாங்கின மொத பெண், 1918-ல இருபத்துநாலு வயசுல போயிட்டா. அதுக்கப்புறம் சில வருஷத்துல நாடியா எழுதுறதையே நிறுத்திட்டாங்க. தன்னோட மியூசிக் மோசம் இல்ல, ஆனா உபயோகமில்லன்னு தன்னோட குருவான கம்போசர் ஃபோரேகிட்ட சொன்னாங்களாம், அவர் அத ஒத்துக்கல. மத்தவங்க நோட்டுல ஒரு ஆல்டோவைக் கூட விடாத அந்தக் கண்ணு தன்னோட பக்கத்துலயும் விழுந்திருக்கு, அங்க கெர்ஷ்வினுக்கும் பியாசோலாவுக்கும் காட்டின பெருந்தன்மையைக் காட்டவே இல்ல.

நான் ஃபோரே பக்கம். அவங்க 1914-ல செல்லோவுக்கும் பியானோவுக்கும் எழுதின மூணு சின்ன பீஸ் இருக்கு, யூட்யூப்ல நிறைய பேர் வாசிச்சது கிடைக்கும். மொதல் ரெண்டும் நிதானம், மூணாவது ஆரம்பத்துல இருந்தே குதிச்சுக்கிட்டு ஓடும், நடுவுல வேகம் அடங்கி செல்லோ பாட ஆரம்பிக்கும், திரும்ப ஓடும். மூணாவதை மொதல்ல கேளுங்க, கேட்டுட்டு அதே வேகத்துல பியாசோலாவோட ஃபூகாவைப் போடுங்க, அந்த வரிசையில கேக்குறப்போ தான் எனக்கு அவங்க எழுதுறதை விட்டது எவ்ளோ பெரிய நஷ்டம்னு உறைச்சுது.